வருடக் கடைசிக் கடிதத்தை எப்படி வாசிப்பது?

(2025 டிசம்பரில் ஈஸ்ட் ஹாமில் நடந்த எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் வந்த சொற்களைப் பெரிதாக மாற்றவில்லை.)



டிசம்பர் வந்தால் எங்கட கதவடியில் இரண்டு வகையான தாள் விழும். ஒன்று பீட்சாக் கடை விளம்பரம். மற்றது உங்கட வார்ட் கவுன்சிலர் எழுதின வருடக் கடைசிக் கடிதம். இப்ப அது ஈமெயிலிலும் வரும். இரண்டையும் ஒரே வேகத்தில் குப்பைக்கு அனுப்புற ஆக்கள்தான் நாங்கள். இண்டைக்கு நான் கேட்க வந்தது ஒண்டே ஒண்டு: இந்த முறை அந்தக் கடிதத்தை எறியாதேங்கோ. அதில் ஒரு பந்தியை மட்டும் வாசியுங்கோ.

இந்தக் கடிதங்களுக்கு ஒரு அச்சு இருக்கிறது. முதலில் மூடின வீதிக் குழிகள், புதுப்பித்த பூங்கா, நத்தார் விளக்குகள். கடைசியில் உணவு வங்கித் தொண்டர்களுக்கு நன்றி, புதுவருட வாழ்த்து. நடுவில் ஒரு பந்தி. அது ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்: வீடற்றோர் தொகை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்திருக்கிறது, தற்காலிகத் தங்குமிடச் செலவு கவுன்சிலின் வரவு செலவில் பெரும் அழுத்தத்தை உண்டாக்கியிருக்கிறது, கடினமான முடிவுகள் எடுக்க வேண்டி வந்தது. எந்தக் கட்சி எழுதினாலும் வசனம் பெரிதாக மாறாது.

இங்கே இருக்கிற கனபேர் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போன ஆக்கள். வசனத்தில் எழுவாயைத் தேடிக் கோடு போடச் சொல்லித் தந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதே வேலையை இந்தப் பந்தியில் செய்து பாருங்கோ. தொகை 'உயர்ந்தது'. யார் உயர்த்தியது? அழுத்தம் 'உண்டானது'. யார் உண்டாக்கியது? முடிவு 'எடுக்க வேண்டி வந்தது'. யார் எடுத்தது? யாரை எங்கே அனுப்ப? வானிலை அறிக்கை மாதிரி எழுதியிருக்கிறார்கள். மழை வந்தது, குடை பிடித்தோம் என்கிற மாதிரி. இந்த உரை முழுக்க அந்த எழுவாயைத் தேடுகிற முயற்சிதான்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். லண்டனின் 32 பறோக்களையும் சிட்டியையும் சேர்த்துப் பேசுகிற அமைப்பு லண்டன் கவுன்சில்ஸ். அதன் 2024 மதிப்பீட்டின்படி தற்காலிகத் தங்குமிடங்களில் இருக்கும் லண்டன்வாசிகள் ஏறத்தாழ 183,000 பேர். ஐம்பதில் ஒருவர். இதில் 90,000 பேர் வரை பிள்ளைகள். சராசரியாகப் பார்த்தால் லண்டனின் ஒவ்வொரு வகுப்பறையிலும் வீடில்லாத பிள்ளை ஒன்று இருக்கிறது. இதற்குப் பறோக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 40 இலட்சம் பவுண்ட்ஸ் செலவழிப்பதாக அதே அமைப்பு சொன்னது. ஒரு நாளைக்கு!

வீதியில் படுப்பவர்கள் இந்தக் கணக்கில் இல்லை, அது வேறு கணக்கு. 2024-25 இல் லண்டன் வீதிகளில் படுத்துறங்கியவர்களாகப் பதிவானோர் 13,231 பேர். இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. வீடற்றவர் என்றதும் எங்கட மனதில் வருவது ஸ்ட்ராட்ஃபோர்ட் ஸ்டேஷன் பக்கம் போர்வையோடு இருக்கிற மனிதர். உண்மையில் வீடற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிள்ளைகள்; அவர்களில் பலர் சீருடை போட்டுப் பள்ளிக்கூடம் போய், பின்னேரம் ஒரு அறைக்குத் திரும்புகிறார்கள்.

அந்த அறைகள் ஆளைக் கொல்லும். இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. 2019 இலிருந்து ஐந்து வருடங்களில் இங்கிலாந்தில் குறைந்தது 74 பிள்ளைகளின் மரணத்தில் தற்காலிகத் தங்குமிடம் ஒரு காரணியாக இருந்தது என்று பிள்ளை மரணங்களைப் பதிவு செய்யும் தேசியத் தரவுத்தளம் காட்டுகிறது. அதில் 58 பேர் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகள். தொட்டில் வைக்க இடமில்லாத அறையில் குழந்தை எங்கே படுக்கும்? கடிதத்தில் வரும் 'அழுத்தம்' என்ற சொல்லுக்குள் இதுவும் இருக்கிறது.

சரி, எழுவாய்க்கு வருவோம். முதலாவது எழுவாய் மத்திய அரசு.

வீடில்லாமல் வருகிற குடும்பத்துக்குத் தங்க இடம் கொடுக்க வேண்டும் என்பது 1977 முதல் இங்கே கவுன்சிலின் சட்டக் கடமை. இப்போது அது 1996 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் ஏழாம் பகுதியில் இருக்கிறது. 2017 இல் அதைக் கொஞ்சம் விரித்தார்கள்: 56 நாட்களுக்குள் வீடு போகப் போகிறது என்றாலே கவுன்சில் உதவத் தொடங்க வேண்டும். அந்தச் சட்டமூலத்தைக் கொண்டு வந்தவர் எங்கட ஆக்கள் நிறைய வாழும் ஹரோ ஈஸ்ட் தொகுதியின் கன்சர்வேட்டிவ் எம்.பி. பொப் பிளாக்மன். சட்டம் கடமையைக் கூட்டியது. காசு?

காசுக் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. கவுன்சிலிடம் சொந்த வீடு போதாது. தனியாரிடம் இரவுக் கணக்கில் அறை வாங்குகிறது. அந்தக் குடும்பத்தின் வாடகை உதவியாக மத்திய அரசு கவுன்சிலுக்குத் திருப்பித் தருகிற தொகைக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு. அந்த வரம்பு 2011 ஜனவரியில் இருந்த வாடகை உதவி அளவின் 90 சதவீதம். 2011! இங்கே இருக்கிற சிலர் அப்ப ஆரம்பப் பள்ளியில் படிச்சுக்கொண்டிருந்தீங்கள். அப்ப இருந்த விலையில், அதிலும் பத்துச் சதவீதம் குறைத்து, இண்டைக்கு வாடகை கட்டச் சொல்லுகினம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு, இலக்கங்கள் விளங்குவதற்காக மட்டும். ஒரு குடும்பத்தின் அறைக்குக் கவுன்சில் மாதம் 2,000 பவுண்ட்ஸ் கொடுக்கிறது. மத்திய அரசு பழைய கணக்கில் 1,000 திருப்பித் தருகிறது. மிச்ச 1,000 எங்கேயிருந்து வரும்? நூலகத்திலிருந்து. இளைஞர் நிலையத்திலிருந்து. உங்கட கவுன்சில் டாக்ஸிலிருந்து.

அந்தக் குடும்பம் தானே தனியார் வீடு எடுத்துக்கொண்டு போகலாமே என்றால், அதற்கும் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். தனியார் வாடகைக்குக் கிடைக்கும் உதவித் தொகையை 2020 இல் ஒரு அளவில் நிறுத்தி, நான்கு வருடம் அசைக்கவில்லை. 2024 ஏப்ரலில் உயர்த்தினார்கள். பிறகு திரும்பவும் உறைய வைத்தார்கள். முதலில் செய்தது கன்சர்வேட்டிவ் அரசு, பிறகு செய்தது லேபர் அரசு. வாடகை மட்டும் உறையவில்லை.

கவுன்சிலிடம் ஏன் சொந்த வீடு போதவில்லை? 1980 ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில் வீடுகளைக் குடியிருப்பவருக்குக் கழிவு விலையில் விற்க வைத்தது. எங்கட குடும்பங்களில் சிலரும் அப்படி வீடு வாங்கினவைதான், அவையில் நான் குறை பிடிக்கவில்லை. விற்ற வீட்டுக்குப் பதில் வீடு கட்ட விடவில்லை என்பதுதான் குறை. 2019 இல் லண்டன் சட்டசபை உறுப்பினர் டொம் கொப்லி வெளியிட்ட அறிக்கை ஒன்று இருக்கிறது. அப்படி விற்கப்பட்ட வீடுகளில் 2,300 வரையானவற்றைப் பறோக்களே வருடத்துக்கு ஏறத்தாழ 2 கோடி 20 இலட்சம் பவுண்ட்ஸ் கொடுத்து வாடகைக்குத் திரும்ப எடுத்திருந்தன என்று அதில் இருக்கிறது. எதற்கு? வீடற்றவர்களைத் தங்க வைக்க! சொந்தக் கிணற்றை விற்றுவிட்டு, வாங்கினவனிடமே வாளிக் கணக்கில் தண்ணீர் வாங்குகிற கதை.

இந்தக் கணக்கில் அதிகம் அடிபடும் இடம் நாங்கள் இப்போது இருந்து பேசிக்கொண்டிருக்கிற நியூஹாம். நாட்டிலேயே வீடற்ற நிலை மிக மோசமான இடம் இது: ஆயிரம் குடும்பங்களில் 50க்கு மேல் தற்காலிகத் தங்குமிடத்தில். இந்த வருடம் கவுன்சில் டாக்ஸை ஏறத்தாழ 9 சதவீதம் உயர்த்த மத்திய அரசு நியூஹாமுக்குத் தனி அனுமதி கொடுத்தது. வழக்கமான வரம்பு 5 சதவீதம். லண்டனில் அதைத் தாண்ட அனுமதி பெற்றது நியூஹாம் மட்டும். அனுமதி, கவனியுங்கோ, காசு இல்லை. ஏழைப் பறோவுக்கு அரசு கொடுத்த உதவி, தன் ஏழைகளிடமே இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ள அனுமதி. அதே நேரம் வெஸ்ட்மின்ஸ்டர் பறோவில் கவுன்சில் டாக்ஸ் நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. இந்த வரிக்கு வீட்டின் பெறுமதியை இன்னும் 1991 ஆம் ஆண்டு விலையில்தான் கணிக்கிறார்கள் என்பது கூடுதல் வேடிக்கை.

ஆக, கவுன்சிலர் 'எங்கட கையில் இல்லை' என்று சொல்லும்போது அதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எங்கட கோபம் தவறான கதவில் போய் விழும். ஆனால் மற்றப் பாதி இருக்கிறது. இரண்டாவது எழுவாய் கவுன்சிலேதான்.

மத்திய அரசு காசை நிறுத்தலாம். ஆனால் ஒரு குடும்பத்தை எந்த ஊருக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பது கவுன்சில். பிள்ளைகள் உள்ள குடும்பத்தை பி அன்ட் பியில் ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று 2003 ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது; ஏழாவது வாரமும் வைத்திருப்பது கவுன்சில். முதல் நாள் வாசலில் வருகிறவரிடம் 'போய் சொந்தக்காரரோட கொஞ்ச நாள் இருங்கோ' என்று சொல்வதா, விண்ணப்பத்தை எடுப்பதா என்பது கவுன்சிலின் நடைமுறை. மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வதா, பன்னிரண்டு வயது மகளை மொழிபெயர்க்க விடுவதா என்பதும் அப்படியே.

2013 இல் ஸ்ட்ராட்ஃபோர்டில், இங்கேயிருந்து கொஞ்சத் தூரத்தில், இளம் தாய்மார் தங்கியிருந்த விடுதி ஒன்றில் 29 பேருக்கு வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்தது. விடுதிக்கான நிதியை வெட்டியது நியூஹாம் கவுன்சில். வீடு கேட்டுப் போனபோது ஹேஸ்டிங்ஸ், பர்மிங்ஹாம், மான்செஸ்டர் என்று ஊர் காட்டினார்கள். அவர்கள் போகவில்லை. ஃபோகஸ் ஈ15 என்ற பெயரில் திரண்டார்கள். 2014 செப்டம்பரில் கார்ப்பென்டர்ஸ் எஸ்டேட்டில் வருடக் கணக்காகப் பூட்டிக் கிடந்த கவுன்சில் வீடுகளுக்குள் போய் இருந்தார்கள். தண்ணீர் வந்தது, சுவர் நல்லாயிருந்தது, ஆள் மட்டும் இல்லை. வீடில்லை என்று சொன்ன அதே கவுன்சிலின் வீடுகள்! அப்போதைய மேயர் ரொபின் வேல்ஸ் கடைசியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 'கடினமான முடிவு' என்பது மாற்ற முடியாத முடிவு இல்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் தேவையில்லை.

நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. ஐந்து பிள்ளைகளோடு இருந்த ஒரு தாயை வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் மில்டன் கீன்ஸ் பக்கம் அனுப்பப் பார்த்தது. 2015 இல் உச்ச நீதிமன்றம் கவுன்சிலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பக்கத்தில் இடம் இல்லை என்று பொதுவாகச் சொன்னால் போதாது. என்ன தேடினீர்கள், ஏன் இந்த இடம், அந்தப் பிள்ளைகளின் நிலையை எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள் என்று கவுன்சில் காட்ட வேண்டும். ஆகவே கடிதத்தில் 'பறோவுக்கு வெளியே' என்ற சொல் வந்தால், எத்தனை குடும்பம், எந்த ஊர் என்று கேட்க எங்களுக்கு நியாயம் இருக்கிறது.

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கோ. வேறு ஊருக்கு அனுப்பப்பட்ட குடும்பம் பெரும்பாலும் போன ஊரில்தான் வாக்காளராகப் பதியும். அவர்களை அனுப்பின கவுன்சிலருக்கு அவர்கள் இனி வாக்காளர் இல்லை. அவருடைய செலவுக் கணக்கில் இருக்கிறார்கள், வாக்காளர் பட்டியலில் இல்லை. அந்தக் கடிதம்கூட அவர்களுக்குப் போகாது. அவர்களைப் பற்றிய பந்தியை வாசிக்கிறது நாங்கள். அதனால்தான் இதை எறியாதேங்கோ என்று கேட்கிறேன்.

கவுன்சிலர் ஒருவரால் என்னதான் செய்ய முடியும் என்று கேட்பீர்கள். பொப்லர் செய்ததைச் சொல்கிறேன். பொப்லர் இங்கே பக்கத்தில்தான், இன்று டவர் ஹாம்லெட்ஸுக்குள் இருக்கிறது. 1921 இல் துறைமுக வேலை விழுந்து, வேலையில்லாதவர்கள் நிறைந்த பறோ அது. அந்தக் காலத்தில் ஏழைகளுக்கான நிவாரணத்தை அந்தந்தப் பகுதியே தன் வரியில் கொடுக்க வேண்டும். ஏழைகள் கூடின இடத்தில் நிவாரணச் செலவு கூட, வரி வருமானம் குறைவு. பணக்காரப் பறோக்களில் மறுபக்கம். இதற்கு மேல் லண்டன் கவுன்டி கவுன்சிலுக்கும் பொலிஸுக்கும் பொப்லர் பங்கு கட்ட வேண்டும். ஜோர்ஜ் லான்ஸ்பரி தலைமையில் கவுன்சிலர்கள் தீர்மானித்தார்கள்: எங்கட ஏழைகளுக்குக் கொடுப்போம், மேலே கட்ட மாட்டோம்.

நீதிமன்றம் கூப்பிட்டது. ஊர்வலமாகப் போனார்கள். செப்டம்பரில் 30 கவுன்சிலர்கள் சிறைக்குப் போனார்கள். ஆண்கள் பிரிக்ஸ்டனுக்கு, ஐந்து பெண்கள் ஹொலோவேக்கு. அதில் நெல்லி கிரெசால் கர்ப்பிணி. சிறைக்குள்ளேயே கவுன்சில் கூட்டம் நடத்தினார்கள். ஆறு வாரத்தில் விடுதலை. அந்த வருடமே சட்டம் மாறியது. நிவாரணச் செலவை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ள வழி வந்தது. சிறையில் உடல்நிலை கெட்ட மினி லான்ஸ்பரி 1922 புதுவருடத்தன்று இறந்துபோனார். அவருடைய பெயரில் ஒரு மணிக்கூடு இன்னும் போ ரோட்டில் இருக்கிறது, அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது நிமிர்ந்து பாருங்கோ.

எங்கட கவுன்சிலர்களைச் சிறைக்குப் போகச் சொல்லவில்லை. இன்று விதிமுறையும் வேறு. வரவு செலவு சமப்படாவிட்டால் கவுன்சிலின் நிதி அதிகாரி செக்ஷன் 114 அறிவித்தல் விடுவார்; கிராய்டன் 2020 இலும் 2022 இலும் அந்த நிலைக்குப் போனது. அதற்கு மேல் போனால் அரசு ஆணையாளர்களை அனுப்பும். அந்தப் பயம் உண்மையான பயம். ஆனால் பொப்லர்காரர் செய்ததில் சிறைக்கு முன்னமே நடந்த ஒரு காரியம் இருக்கிறது. அவர்கள் வசனத்துக்கு எழுவாய் போட்டார்கள். ஏழைகளின் செலவை ஏழைகளின் தலையிலேயே கட்டுவது இன்ன சட்டம், இன்ன அரசு என்று தங்கட வாக்காளருக்குச் சொன்னார்கள். 2011 வரம்பைப் பற்றி ஒரு வரி எழுத எந்தக் கவுன்சிலரும் சிறைக்குப் போக வேண்டியதில்லை. ஆளும் கட்சி தன் கட்சி என்பதால் எழுதாமல் விடுகிறாரா என்று கேட்கலாம்தானே?

மூன்றாவது எழுவாய் கொஞ்சம் சங்கடமானது. நாங்கள்.

வீடற்றவர் என்ற சொல்லை எங்கட ஆக்கள் தங்களுக்குப் போட்டுக்கொள்ள மாட்டினம். மொழிபெயர்க்கப் போகிற இடங்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்கிற வசனம் இது: 'நாங்கள் வீடில்லாத ஆக்கள் இல்லைத் தம்பி, தங்கச்சி வீட்டு ஹோலில் இருக்கிறம்.' நாலு பேர் ஒரு ஹோலில், சூட்கேஸ் பின்னுக்கு, பிள்ளை சாப்பாட்டு மேசையில் ஹோம்வேர்க். சட்டப்படி அவர்கள் வீடற்றவர்களாக இருக்கலாம். நியாயமாகத் தொடர்ந்து வாழ முடியாத இடத்தில் இருப்பவரையும் சட்டம் வீடற்றவராகத்தான் பார்க்கிறது. வீட்டில் அடி வாங்கிக்கொண்டு இருக்கிற பெண்ணும் அப்படித்தான். வீட்டு வன்முறையால் வீடிழந்தவருக்கு 2021 ஆம் ஆண்டுச் சட்டம் முன்னுரிமையும் கொடுத்திருக்கிறது. எங்கட வெட்கத்தால் இவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மானம் பெரிசு என்று சொல்லிச் சொல்லி, கவுன்சிலின் வேலையைத் தங்கச்சியின் ஹோல் செய்துகொண்டிருக்கிறது.

எங்கட சமூகத்தில் வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு, வீட்டுக்காரரும் உண்டு. புதிதாக வந்த பொடியனுக்கு முதல் அறை கொடுத்ததும் பெரும்பாலும் ஒரு தமிழ் வீட்டுக்காரர்தான், அதை மறக்கவில்லை. ஆனால் கையில் காசு, ஒப்பந்தம் இல்லை, ரசீது இல்லை என்றால் பிறகு நடப்பது என்ன? கவுன்சிலிடம் போனால் 'இங்கே எத்தனை மாதம் இருந்தீர்கள், ஆதாரம்?' என்று கேட்பார்கள். கடந்த 12 மாதத்தில் 6 மாதம் அல்லது 5 வருடத்தில் 3 வருடம் அந்தப் பறோவில் இருந்ததைக் காட்ட வேண்டி வரும். ஒரு தாள் கூட இராது. 2013 இல் இங்கிலாந்திலேயே முதல் முறையாகப் பறோ முழுவதும் வாடகை வீட்டுக்காரருக்கு லைசன்ஸ் கட்டாயம் என்று கொண்டுவந்தது இதே நியூஹாம். அந்த லைசன்ஸ் உள்ள வீடா என்று கேட்பது துரோகம் இல்லை. 'எங்கட ஆள்' என்ற சொல் ரசீதுக்குப் பதில் ஆகாது.

இன்னொரு பகுதியினர் இருக்கினம். விசாவில் 'பொது நிதிக்கு உரிமையில்லை' என்று அடித்து வந்தவர்கள். அவர்களுக்கு வீடற்றோர் உதவி பெரும்பாலும் கிடையாது. ஆனாலும் பிள்ளைகள் இருந்தால் 1989 ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்தின் 17 ஆம் பிரிவின் கீழ் சமூக சேவைப் பிரிவு உதவலாம். விசாவைப் பாதிக்காமல் செய்ய வேண்டும் என்பதால், முதலில் சட்ட ஆலோசனை, பிறகு விண்ணப்பம். இதை யாருக்காவது தனியாகச் சொல்லி அனுப்பிவிடாதேங்கோ, கூடப் போங்கோ.

இவர்களைப் பற்றி ஒரு விசயம் கனபேருக்குத் தெரியாது. வீடு கேட்க உரிமையில்லாதவருக்கு வாக்குரிமை இருக்கலாம்! இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகள். அந்த நாட்டுக் குடியுரிமையோடு இங்கே செல்லுபடியான விசாவில் இருக்கும் பெரியவர் யாரும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். மாணவர் விசாவிலும்தான். பிரிட்டிஷ் பாஸ்போட் தேவையில்லை. அடையாளத்துக்கு இலங்கை, இந்தியப் பாஸ்போட் செல்லும். அகதி விண்ணப்பம் முடிவாகாமல், வேறு அனுமதியும் இல்லாமல் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த உரிமை இல்லை. நிரந்தர முகவரி இல்லாதவர்களும், தமக்குத் தொடர்புள்ள ஒரு இடத்தைச் சொல்லிப் பதிய ஒரு படிவம் உண்டு. ஹோலில் படுக்கிறவர் பதியலாம். விடுதியில் இருக்கிறவர் பதியலாம்.

தேர்தல் 2026 மே 7. லண்டனின் எல்லாப் பறோக்களிலும். நியூஹாமில் மேயரையும் நேரடியாகத் தேர்ந்தெடுப்போம். பதிவுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 20. தேர்தலுக்கு ஆறு நாள் முன்னர், மே 1 இல், வாடகையாளர் உரிமைச் சட்டத்தின் முக்கிய பகுதி நடைமுறைக்கு வருகிறது. காரணம் சொல்லாமல் எழுப்புகிற செக்ஷன் 21 நோட்டீஸ் அத்தோடு முடிகிறது. அதற்கு முன்னம் அவசரப்பட்டு நோட்டீஸ் கொடுக்கிற வீட்டுக்காரர் இருப்பினம். கடிதம் வந்தால் அன்றைக்கே சாமான் கட்டாதேங்கோ. நோட்டீஸ் வேறு, நீதிமன்ற உத்தரவு வேறு. நோட்டீஸோடு கவுன்சிலிடம் போங்கோ, 56 நாள் கடமையை ஞாபகப்படுத்துங்கோ. கவுன்சில் எதிராக முடிவெடுத்தால் மீளாய்வு கேட்க 21 நாள் இருக்கிறது. அந்த 21 நாள் போய்விட்டால் கதவு சாத்தின மாதிரித்தான்.

இனிச் செய்ய வேண்டியது. ஜனவரி இங்கே தமிழ் மரபுரிமைத் திங்கள். பொங்கல் விழாவுக்குக் கவுன்சிலர்கள் வருவினம், பொன்னாடை போர்ப்போம், படம் எடுப்போம். போர்த்துங்கோ, மரியாதைக்கு நான் எதிரி இல்லை. பொன்னாடைக்குப் பிறகு இந்த நாலு கேள்வியையும் கேளுங்கோ.

ஒன்று: எங்கட பறோவிலிருந்து எத்தனை குடும்பத்தை வெளியே அனுப்பினீர்கள், எந்த ஊருக்கு?

இரண்டு: ஆறு வாரத்துக்கு மேல் பி அன்ட் பியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்? கைக்குழந்தை உள்ள ஒவ்வொரு அறையிலும் தொட்டில் இருக்கிறதா?

மூன்று: கவுன்சிலுக்குச் சொந்தமாக எத்தனை வீடு வெறுமையாகக் கிடக்கிறது, ஏன்?

நாலு: 2011 வரம்பை நீக்கச் சொல்லி உங்கட கட்சித் தலைமைக்கு நீங்கள் எழுதின கடிதத்தைக் காட்டுவீர்களா?

தமிழிலும் கேட்கலாம், ஆங்கிலத்திலும் கேட்கலாம், ஆனால் மைக்கில் கேளுங்கோ. பதில் 'அழுத்தம்' என்று தொடங்கினால், யார் அழுத்துவது என்று திரும்பக் கேளுங்கோ. நேரில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கவுன்சிலுக்கு ஒரு ஈமெயில் போதும், 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். முதல் மூன்று கேள்விக்கும் அதற்கான வாசகத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன், இந்த மடலுக்குப் பதில் போட்டால் அனுப்புகிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் இரண்டு பொருள் கொண்டு வாங்கோ: உங்கட வார்டில் வந்த கடிதம், வாக்காளராகப் பதிந்த ஒரு புது ஆளின் பெயர். அந்த ஆள் யாரோ ஒருவருடைய ஹோலில் படுக்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது.